ஜெயக்கொடியின் பேரில் ஆறு மணி நேரம்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் காசிமாயன் செய்த கடைசி வேலை, மனைவியின் செருப்பு வாரைத் தைத்துக் கொடுத்தது.

படியில் குத்தவைத்து உட்கார்ந்து, தடித்த நூலில் மெழுகைத் தேய்த்து, நாலே நாலு தையல் போட்டார். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். கத்தரிக்கோல் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. இருபத்திரண்டு வருஷம் டெய்லராக இருந்தும் அவரை அந்தப் பழக்கம் விடவில்லை.

“மழைக்கெல்லாம் இது தாங்காது ஏத்தா. அடுத்த வாரம் புதுசு வாங்கிக்க.”

“ஒங்களுக்கும் சேத்துத்தான் வாங்கணும் மாமா. ஒங்க செருப்ப வாசல்ல விட்டா நாய்கூடத் தொட மாட்டேங்குது.”

“அதான் ஆறு வருசமா காணாமப் போகாம இருக்கு” என்றார் காசிமாயன்.

ஜெயக்கொடி சிரித்தாள். “நீ முன்னால போ, நான் கேஸ் சிலிண்டருக்குப் பதிஞ்சிட்டு வந்துர்றேன்” என்று அவர் சொன்னபோது அவளுக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். பதினோரு மணி டீக்கு முன்னால் பனியன் கம்பெனியின் தையல் லைனுக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டுவிட்டார். வயது நாற்பத்து நான்கு.

அடுத்த வாரம் என்று சொன்ன அந்த நிமிஷத்தில் அவருக்கு அடுத்த வாரம் என்ற ஒன்று இருந்ததா இல்லையா என்பதைத்தான் அவள் பிற்பாடு வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இருவரும் திருப்பூருக்கு வந்தபோது கல்யாணமாகி இருபது நாள்கூட ஆகவில்லை. துணி வெட்டுவது, மடிப்பது, பெட்டி போடுவது எல்லாவற்றையும் இயந்திரக் கைகள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தையல் மட்டும் அவற்றுக்குப் பிடிபடவில்லை. பனியன் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். அந்தக் குணம் மனிதக் கைக்கு மட்டுமே அடங்கியது. எனவே ஊரில் டெய்லர்களுக்கு இன்னும் மவுசு இருந்தது. அவர்களிலும் முன்துண்டையும் பின்துண்டையும் தோளில் சேர்க்கிற ஷோல்டர் டெய்லருக்குத் தனி மவுசு. அந்தத் தையல் நின்றால் லைனே நிற்கும். காசிமாயன் ஷோல்டர் டெய்லர், நாற்பத்தேழாம் நம்பர் மிஷின். பக்கத்திலேயே நாற்பத்தாறில் ஜெயக்கொடி லேபிள் தைத்தாள். லேபிள் சுலபம். கொஞ்சம் தேங்கினாலும் யாரும் கத்த மாட்டார்கள்.

கஷ்டமான தையலை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவுத் துணி வாங்கிவந்து, வாடகைக்கு எடுத்த பழைய மிஷினில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். “துணிய நீ இழுக்காத. அது போற வேகத்துக்கு நீ கூடப் போ.” மதியம் மிஷினை மூடிவிட்டுப் புஷ்பா தியேட்டர் பக்கம் நடந்துபோய்ப் பரோட்டா சாப்பிடுவார்கள். அந்த ஞாயிறுகளில் அவர்களுக்குப் பேசத் தீராது.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. கை கொடுப்பது என்பார்கள். பக்கத்து ஆள் சுணங்கினால், கேட்காமலே அவன் துணிக்கட்டை எடுத்துத் தைத்துவிட வேண்டும். நன்றி சொல்லக் கூடாது, பிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது. ஐந்தாம் மாதத்தில் ஜெயக்கொடியின் கரு கலைந்த வருஷம், இரண்டு மாதம் அவள் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். தன் கட்டை முடித்துவிட்டு அவள் கட்டையும் தைத்தார் காசிமாயன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஊசி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவள் மெல்ல மீண்டாள்.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து நாடி வந்தது.

காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. மிஷினின் கால் பெடலுக்கு அடியில் ஒட்டிய மெல்லிய தகடுதான் அது. லைன் மேஸ்திரி குழந்தைவேலு டீ நேரத்தில் எல்லாரையும் நிற்கவைத்து விளக்கினார்.

“மனசு செரியில்லீன்னா வாய் சொல்றதுக்கு முன்னால காலு சொல்லிப்போடுமுங்க. மிதிக்கிறதுல ஒரு தாளம் இருக்குதல்லோ, அது மாறும். தகடு அதைக் கண்டுபுடிச்சு, ஏழு நாள் பாத்துட்டு, மிஷின் திரையில உங்களுக்கு மட்டும் ஒரு சீட்டுக் காட்டும். மேல பேச்சறைன்னு ஒண்ணு கட்டியிருக்குது. போய் மேடத்துகிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டு வரலாம். அந்த ஒரு மணிக்கும் கூலி உண்டுங்க.”

“எம் மாமியா நெனப்பு வந்தாலும் கண்டுபிடிச்சிருமாண்ணே?” என்று கேட்டாள் ஓவர்லாக் தைக்கிற ஒருத்தி.

“உன்ற மாமியா நெனப்பு வந்தா ஊசியே முறிஞ்சுபோகுமே, அதுக்குத் தகடு எதுக்கு?”

எல்லாரும் சிரித்து முடிந்ததும் காசிமாயன் கேட்டார்: “சும்மா உக்காந்து பேசுறதுக்குக் கூலி குடுத்தா, கம்பெனிக்கு என்னண்ணே லாபம்?”

“அதையுந்தான் கணக்குப் போட்டிருக்கறாங்க. ஒரு ஆளு மனசு ஒடஞ்சு மொடங்கிப்போனா வேல கெடுது, ஆஸ்பத்திரிச் செலவு, குடி, வீட்டுல சண்ட. இதுக்கு முன்னக்கூட்டியே ஒரு ரூவா போட்டா நாலு ரூவாயாத் திரும்பி வருதாமா. பாதி கவர்மெண்டு போடுது, பாதி முதலாளிக.”

“நாலு ரூவா திரும்பி வராத ஆளுக்கு?”

அதற்குள் டீ நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

நாடி வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் மாதம் சீட்டு வந்தவர்கள் கூச்சப்பட்டு மாடிப்படியில் ஒளிந்து ஒளிந்து ஏறினார்கள். ஆறு மாதத்தில் கூச்சம் போய்விட்டது. மூன்று வருஷம் குடித்துக்கொண்டிருந்த ஒரு டெய்லர் நிறுத்தினான். பிள்ளை பெற்றபின் யாருடனும் பேசாமலிருந்த பெண் டீ நேரத்தில் பாட ஆரம்பித்தாள். “பைத்தியத்துக்குப் பாக்குறது” என்று யாரும் சொல்வதில்லை. “மேல போயிட்டு வாரேன்” என்பார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு வருஷம் அந்த லைன் போலக் கலகலப்பான இடத்தை ஜெயக்கொடி பிறகு எங்கும் பார்த்ததில்லை.

காசிமாயனுக்கு வந்ததற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை. கடன் இல்லை, சண்டை இல்லை. ஒருநாள் பெடல்மேல் காலை வைத்தபடி மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. வீட்டில் கேட்டதற்கு, “தூக்கந்தான் பிடிக்கல, வேற ஒண்ணுமில்ல” என்றார். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

மூன்றாம் நாள் ஜெயக்கொடி வழக்கப்படி கை கொடுத்தாள். காலையில் பெயர் பதிய அவரவர் மிஷினில் கட்டைவிரலை வைத்ததும், எழுந்துபோய் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்க இங்கிட்டு லேபிள்ல உக்காருங்க மாமா. மெதுவாத் தைங்க.”

“மேஸ்திரி பாத்தா?”

“பாத்தாப் பாக்கட்டும். எனக்கு நீங்க தைக்கலையா?”

குழந்தைவேலு பார்த்தார். பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ஷோல்டர் ஓடிக்கொண்டிருந்தது, லைன் நிற்கவில்லை. தன் லைன் ஆட்களின் வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல.

ஏழு நாள் கழித்துச் சீட்டு வந்தது, நாற்பத்தாறாம் மிஷின் திரையில். ‘ஜெயக்கொடி, உங்களுக்காக ஒரு மணி நேரம்.’

இருவரும் அதைப் பார்த்தார்கள். முதலில் காசிமாயன்தான் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

“ஒனக்குப் பைத்தியமாம் ஏத்தா.”

“மாமா, இது ஒங்களுக்கு வந்தது. நீங்க போங்க.”

“எம் பேரா இருக்கு? சொன்னா, ரெண்டு பேரும் இடம் மாறுனது தெரிஞ்சிரும். வேலையே போயிரும். அப்படியே விட்டாலும் என்னைய லேபிளுக்கு மாத்திருவாய்ங்க.”

“இப்ப எங்க உக்காந்திருக்கீங்களாம்?”

“உக்காந்திருக்கேன். ஆனா பேரு ஷோல்டர்லதான இருக்கு.”

அப்படித்தான் ஜெயக்கொடி அவருடைய சீட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். ஒருவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுத் தின்று வளர்ந்தவள் அவள். அவருக்குப் பதில் தான் போய் வாங்கிவந்து கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தாள்.

பேச்சறையில் இருந்தவர் பிரிசில்லா. நாகர்கோவில்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு மணியில் ஐம்பது நிமிஷம் பேச்சு, மிச்சம் பத்தில் அவர் குறிப்பெழுதுவார். “உங்க கால் ஒண்ணு சொல்லுது, முகம் வேற சொல்லுது” என்றார் முதல் நாளே.

“ஒண்ணுமில்லீங்க மேடம். தூக்கந்தான் பிடிக்கல” என்று காசிமாயனின் வாக்கியத்தை அப்படியே சொன்னாள் ஜெயக்கொடி.

அதன்பிறகு வாரம் ஒரு தடவை அவரைப் பற்றி எல்லாவற்றையும், தன்னைப் பற்றியதாகவே சொன்னாள். சாப்பாடு இறங்கவில்லை. பிடித்ததெல்லாம் கசக்கிறது. காலையில் எழுந்திருக்கவே மலைப்பாக இருக்கிறது. பிரிசில்லா சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டாள். மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாக அவரிடம் சொன்னாள்.

“மூச்ச நாலு எண்ணுற வரைக்கும் இழுக்கணுமாம். அப்பறம் ஆறு எண்ணி விடணும்.”

“இழுத்த மூச்ச யாரு இங்க எண்ணிக்கிட்டு நிக்கிறது?”

“எண்ணுங்க மாமா. எனக்காக.”

எண்ணினார். சாயங்கால வெயிலில் பனியன் லோடு வண்டிகளுக்கு ஓரமாக நின்று, ஆறு எண்ணி மூச்சு விட்டார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கொஞ்சம் தேறியதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாரமும் பிரிசில்லா கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: “இதெல்லாம் முடிஞ்சுபோயிடணும்னு தோணுதாம்மா?” அவள் “இல்லீங்க” என்பாள். அது அவளுடைய பதில். அந்தக் கேள்வியை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அவரிடம் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

ஆறாவது தடவை பிரிசில்லா சொன்னார்: “உங்க கால் அப்படியேதான் இருக்கு. அடுத்து நான் உங்களைப் பெரிய டாக்டர்கிட்ட அனுப்பணும். மாத்திரை தேவைப்படலாம்.”

அன்று மாலை ஜெயக்கொடி நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

“மாத்திரைய நான் முழுங்கி ஒங்களுக்கு எப்படி மாமா கேக்கும்? திங்கக்கிழமையிலருந்து அவங்கவங்க மிஷின்ல அவங்கவங்க உக்காருவோம். ஏழு நாள்ல ஒங்க பேருக்கே சீட்டு வரும். லேபிளுக்கு மாத்துனா மாத்தட்டும்.”

அவர் அவள் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிவந்தார். பிறகு, “சரி, கூப்பிட்டாப் போறேன்” என்றார்.

திங்கட்கிழமை அவரவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். செருப்பு தைத்த வெள்ளிக்கிழமை ஐந்தாம் நாள்.

காரியமெல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் குழந்தைவேலு வீட்டுக்கு வந்தார். கூடவே சென்னையிலிருந்து ஓர் அதிகாரி. வைத்தியலிங்கம் என்று பெயர் சொன்னார். நாடித் திட்டத்தை எழுதியதும், பணம் ஒதுக்கவைத்ததும் அவர்தான் என்றார் குழந்தைவேலு. அதிகாரி நாற்காலியைத் தவிர்த்துவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்தார்.

“இந்த நேரத்துல வந்ததுக்கு மன்னிக்கணும்மா. உங்க வீட்டுக்காரர் விஷயம் பேப்பர்ல வந்துடுச்சு. தகடு இருந்தும் ஒரு ஆளைக் கண்டுபிடிக்கலைன்னு எல்லாரும் கேக்கறாங்க. முதலாளிகளும் எப்படா நிறுத்தலாம்னு இருக்காங்க. அடுத்த வாரம் கமிட்டி கூடுது. மாசக் கடைசியோட பேச்சறைகளை மூடிடுவாங்க போல.”

“நான் என்ன செய்யணும் சார்?”

“அவர்கிட்ட தகடு தோத்துடுச்சு. உண்மைதான். ஆனா அதே வீட்டுல உங்ககிட்ட ஜெயிச்சிருக்கு.” கையிலிருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். “ஆறு மணி நேரம். அதுக்கப்புறம் கால் ஒரேயடியா சீராயிடுச்சு. இந்த ஊர்லயே இவ்வளவு நல்ல பலன் வேற யாருக்கும் இல்லை. நீங்க வந்து அதைச் சொன்னா அறைகள் பிழைச்சுக்கும்.”

ஜெயக்கொடி குழந்தைவேலுவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடம் மாறி உட்கார்ந்தது தெரிந்தால் வேலை போகும். அவருக்கும்கூடப் போகலாம். இப்போது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையும் இருக்கும், அறையும் இருக்கும்.

“அது எங் காலு இல்ல சார்” என்றாள்.

வைத்தியலிங்கத்துக்குப் புரியவில்லை. அவள் முதலிலிருந்து சொன்னாள். கை கொடுத்தது, சீட்டு வந்தது, மாடியேறியது, ரோட்டோரமாக மூச்சு எண்ணியது எல்லாவற்றையும். இடையில் குழந்தைவேலு ஒரு தடவை, “நானும் பாத்தனுங்க சார். லைன் ஓடுதல்லோன்னு விட்டுட்டனுங்க” என்றார்.

“அதனால தகடு தோத்துருச்சுன்னு எழுதாதீங்க” என்று முடித்தாள் ஜெயக்கொடி. “அது அவரக் கண்டுபிடிச்சிருச்சு. நாந்தான் எம் பேர வச்சு மறச்சிட்டேன்.”

அதிகாரி திரையில் எதையோ தேடினார். நாற்பத்தேழாம் மிஷின், கடைசி வாரம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார் இருக்கு?”

“புதன்கிழமையே தெரிஞ்சிருக்கும்மா. மூணு நாள் போதும் அதுக்கு.”

“அப்பறம் ஏன் கூப்பிடல?”

“ஏழு நாள்னு வெச்சிருக்கோம்.”

“யாரு வச்சது?”

வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “நான்தான்” என்றார். “மூணு நாள்ல கூப்பிட்டா, சும்மா தலைவலின்னு இருக்கறவனும் வருவான். செலவு ஏறும். ஒரு ரூபாய்க்கு ரெண்டு ரூபாதான் திரும்பும்னு வந்துச்சு. ஏழுன்னு வெச்சாத்தான் நாலு. நாலுன்னு காட்டலைன்னா ஒருத்தரும் பணம் தர மாட்டாங்கன்னு பயந்தேன். பதினோரு வருஷம் படியேறி இறங்கியிருக்கேம்மா இதுக்காக. மனுஷன் கஷ்டப்படறான்னு சொன்னப்ப எவனும் கேக்கலை. லாபம்னு சொன்னப்பதான் உக்காரச் சொன்னாங்க.”

“ரெண்டு வந்தா நட்டமா சார்?”

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இல்லம்மா. அதுவும் லாபம்தான்.”

கமிட்டியில் ஜெயக்கொடி இதையே சொன்னாள். தன் பெயரிலிருந்த பலனைத் தானே இல்லையென்றாள். சீட்டு இல்லாதவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும் என்று கேட்டாள். அடுத்தவர் கஷ்டத்தைத் தூக்கிச் சுமக்கிற ஊரில், தகடு காட்டுகிற ஆளை மட்டும் கூப்பிட்டால் எப்படி என்று கேட்டாள். வைத்தியலிங்கம் எழுந்து, நாலு என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதிய தாளைக் கொடுத்தார். டெய்லர்கள் ஏமாற்றுகிறார்கள், எல்லாவற்றையும் மூடுங்கள் என்று ஒருவர் கத்தினார். மூன்று நாள் வாதம் நடந்தது. ஒரே ஓட்டில் அறைகள் பிழைத்தன. ஏழு நாள் மூன்றாயிற்று. தினமும் நாலிலிருந்து ஐந்து மணி வரை சீட்டு இல்லாமலே போகலாம் என்று ஆயிற்று. அந்த லைனில் எப்போதாவது வேலை பார்த்தவர்களும் வரலாம்.

அவளுக்கு வேலை போயிற்று. குழந்தைவேலுவை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கதவு திறந்த முதல் நாள் நாலு மணிக்குப் படியேறிய முதல் ஆள் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டாள். முக்கால் மணி நேரம் அழுதாராம்.

ஜெயக்கொடி வேறொரு கம்பெனியில் செக்கிங் மேஜைக்குப் போனாள். நின்றுகொண்டே செய்கிற வேலை. பெடலும் இல்லை, தகடும் இல்லை. ஷோல்டர் மூட்டில் நூல் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும்போது, ஞாயிற்றுக்கிழமைக் கழிவுத் துணி ஞாபகம் வரும். அது போகிற வேகத்துக்கு நீ கூடப் போ. எட்டு மாதம் அப்படியே போனாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் மூன்றரைக்கு அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பி, பழைய கம்பெனியின் மாடிப்படி ஏறினாள். கதவு திறந்திருந்தது. பிரிசில்லா எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும். பிறகு அவர் மேஜைக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் திரையைத் தட்டினார்.

“ஏழாவது தடவைன்னு காட்டுது.”

“அது ஆறும் அவருக்கு வந்தது மேடம். எனக்கு இதான் மொதத் தடவ.”

பிரிசில்லா திரையை அணைத்தார். “சொல்லுங்க.”

ஜெயக்கொடி நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், “எம்புட்டு நேரம் இருக்கு?” என்று கேட்டாள்.

பேச்சறையில் ஒரு மணி நேரம் என்றால் ஐம்பது நிமிஷம். இந்தத் தடவை அந்த ஐம்பதும் அவளுக்குத்தான்.